பத்து நாள் பார்க்க வேண்டிய நாய்

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு ஜப்பானியக் குடும்பம் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். செங்கல்பட்டுக்கு வடக்கே புதிதாக முளைத்த தொழிற்பேட்டையில் கணவருக்கு எஞ்சினியர் வேலை. கூட மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஐந்து. கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில், கொசுவைத் தவிர வேறு சிறப்பில்லாத எங்கள் தெரு அவர்களுக்கு வெளிநாடு. பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதைக்கூட அந்தக் குழந்தைகளின் தாய் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்.

நான் பொதுச் சுகாதாரத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வெளிநாட்டினருக்கு வீடு கொடுத்தால் என்னென்ன படிவம், எத்தனை நகல், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். கேட்ட படிவங்களோடு கேட்காத இரண்டையும் நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட காவலர் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மனிதன் பயனுள்ளவனாக இருக்க முடியும் என்பதற்கு என் மனைவியிடம் இதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். உதாரணத்தை ஏற்கவில்லை.

என் மேஜை வழியாகப் போன காகிதங்களில் நாய்க்கடி ஊசி மருந்தின் இன்டென்டும் ஒன்று. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பதினோரு ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமையில், மாமல்லபுரம் போன எங்கள் ஆறு பேரில் பயப்படத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அது ஜனவரி மாதம். வேடந்தாங்கலா மாமல்லபுரமா என்று ஒரு வாரம் பேசி, குழந்தைகளுக்குக் கடல்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. கணவருக்கு அன்று காலை தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவர் என்னிடம் வந்து, குனிந்து, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு போனார். நானும் பதிலுக்குக் குனிந்தேன். கம்பெனி கார், கம்பெனி டிரைவர். டிரைவர் திருக்கழுக்குன்றத்துப் பக்கம். மூத்த பெண்ணைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப்போகிறவர் அவர்தான். அவள் பேசும் தமிழ் முழுவதும் அவரிடம் கற்றது என்பது அவள் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். என்னை 'இன்னா அங்கிள்' என்றுதான் கூப்பிடுவாள். என் மனைவி திருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டாள்.

முதலில் பெரிய பாறைச் சிற்பம், பிறகு உருண்டைப் பாறை. அதன் பக்கத்துச் சரிவில் இரண்டு குழந்தைகளும் உடை தேயத் தேயச் சறுக்கினார்கள். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு நான் எல்லாருக்கும் ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். பதினொன்றரைக்குக் கடற்கரைக் கோயில். பட்டியல்படி பதினொன்று இருபத்தைந்துக்கே டிக்கெட் கவுண்டருக்கு வந்துவிட்டோம்.

குழந்தைகளின் தாய் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். என் மனைவி துணைக்குப் போனாள். போகும்போது தாய் இளையவளின் கையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று கவுண்டரில் இருந்தவர் அவராகவே சொன்னார். அதோடு நான் நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் இந்த மாவட்டத்தில் முறைப்படி பதிவு செய்துகொண்டு வசிப்பவர். ஊர் சுற்றிப் பார்க்க வந்த பயணிக்கான கட்டணம் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்பது என் கேள்வி. பதிவுச் சான்றின் நகல், பாஸ்போர்ட் நகல், எல்லாம் சான்றொப்பத்துடன் என் பையில் இருந்தன. அவற்றை எடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

கவுண்டர்காரர் பொறுமைசாலி. "பாஸ்போர்ட் எந்த நாடோ அந்த ரேட்டு சார். நீங்க கேக்கறது டெல்லில கேக்கணும்" என்றார். டெல்லிக்கு யார் பெயரிட்டு எழுத வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் திரும்பிப் பார்த்தபோது என் இரு பக்கமும் குழந்தைகள் இல்லை.

தொலைந்துபோகவில்லை. இருபது அடி தூரத்தில், பாசிமணி, சங்கு விற்கும் கடைகளுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. செம்மண் நிறத்தில் ஒரு நாய், வாலின் நுனி மட்டும் வெள்ளை, ஒரு காது கிழிந்தது, வாயில் அவித்த முட்டையோடு போய்க்கொண்டிருந்தது. இளையவளின் செருப்புக்கு மேலே, கணுக்காலில், அரிசி நீளத்துக்கு ஒரு கோடு.

என்ன என்று கேட்டேன். இளையவள் தரையில் கிடந்த கல்லைக் காட்டினாள். மூத்தவளும் கல்லைக் காட்டினாள். இருவரும் ஒரே சமயத்தில், ஒரே கல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் விளக்கக் கடிதங்களைப் படித்தவனுக்கு அது போதும்.

அதற்குள் தாய் வந்துவிட்டார். காலைப் பார்த்தார், ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டார், பையிலிருந்து ஈரக் காகிதம் எடுத்துத் துடைத்தார், முயல் படம் போட்ட பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்து, கல் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் நாட்டில் ஐம்பது ஆண்டுகளாக வெறிநாய்க்கடி கிடையாது. பெரியம்மைத் தழும்பு விழுந்த முகத்தை நம் குழந்தைகள் பார்த்ததில்லை அல்லவா, அதுபோல. நாய் என்பது அவர்களுக்கு, சட்டை போட்டுக்கொண்டு நடக்கும் பிராணி.

எனக்கு வேறு ஒன்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், சித்தாமூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மருத்துவ அலுவலரோடு விசாரணைக்குப் போனேன். நாற்பது வயது விவசாயி. இரண்டு மாதத்துக்கு முன்னால் குட்டி நாய் ஒன்று கையில் பிறாண்டியிருக்கிறது. பச்சிலை வைத்துக் கட்டி, மறந்துவிட்டார். நாங்கள் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல நினைவோடு இருந்தார். என்னை உட்காரச் சொன்னார். "அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்து சார், காத்து தொண்டைல குத்துது" என்றார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தபோது, அந்தச் சொம்பைப் பார்த்து அவருடைய கழுத்து இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். மறுநாள் இறந்துபோனார். அறிக்கையில் அவருக்கு ஒன்றரை வரி ஒதுக்கினேன். வியாதி தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது என்பது அந்த அறிக்கையில் எழுதத் தேவையில்லாத, எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

பிளாஸ்திரியைப் பிய்த்தேன். குழந்தை அழுதது. வாகனம் நிறுத்துமிடத்துக்கு எதிரே இருந்த ஓட்டல் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், டிரைவரைச் சோப்பு வாங்கிவரச் சொன்னேன். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது விதி. கடிகாரத்தைக் கழற்றிக் குழாய் மேல் வைத்துக்கொண்டு கழுவினேன். டிரைவர் துணி துவைக்கும் சோப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார், நாயி மோந்து பாத்ததுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார்.

ஏழாவது நிமிடத்தில் ஓட்டல்காரர் குழாயை மூடச் சொன்னார். என் மனைவி அவரிடம் போய் ஏதோ சொல்ல, அவர் உள்ளே போய்விட்டார். குழந்தைகளின் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் காலைக் கழுவுவது இந்த ஊர்ச் சடங்கு என்றுகூட நினைத்திருக்கலாம். அவரிடம் அந்த வியாதியின் பெயரை நான் அப்போது சொல்லவில்லை. நாயும் பக்கத்தில் இருந்ததே என்று சொல்லி, முன்னெச்சரிக்கை என்ற சொல்லை மட்டும் நான்கு முறை சொன்னேன். என் குரலில் இருந்தது அந்தச் சொல்லோடு பொருந்தவில்லை என்பதை என் மனைவி பிறகு சொன்னாள்.

கடற்கரைக் கோயிலை அவர்கள் பார்க்கவே இல்லை. நேரே செங்கல்பட்டு திரும்பினோம். எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் ஞாயிறு மாலையும் கிளினிக் திறப்பவர். அவர் முறைப்படி கேட்டார். இதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ரத்தம் வந்ததா? வராவிட்டால் தடுப்பூசி மட்டும் போதும். ஐந்து ஊசி, இருபத்தெட்டு நாளில். வந்திருந்தால் கூடவே சீரம் என்று இன்னொரு மருந்தும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்க நாளாகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்கி நிறுத்த, சீரத்தைக் காயத்தைச் சுற்றிலும் குத்துவார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கணுக்காலில் அதைக் குத்துவதை எந்த டாக்டரும் விரும்பிச் செய்ய மாட்டார்.

தாய், ரத்தம் வரவில்லை என்றார். அவர் பார்த்தபோது இல்லை. நான் பார்த்தபோதும் இல்லை. ஆனால் நான் எப்போது பார்த்தேன் என்பதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. கையை விட்டுவிட்டுக் கட்டண விகிதம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அந்தத் தாயின் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

முதல் ஊசியைப் போட்டார். நாய் பார்வையில் இருக்கிறதா என்று கேட்டார். கடித்த நாய் பத்து நாள் நல்லபடியாக உயிரோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் விஷம் இல்லை என்று பொருள். எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போனேன். பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு மனு. மனுவை அன்று விடியற்காலையிலேயே ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தேன். சுற்றுலாப் பயணிகள் வரும் இடத்தில் தெருநாய்கள் திரிவதால் ஏற்படும் ஆபத்து, வெளிநாட்டுக் குழந்தை ஒன்றுக்கு நேர்ந்தது, உடனடி நடவடிக்கை கோருதல், நகல்கள் ஐவருக்கு. நாளைக்குக் கம்பெனியோ வேறு யாரோ என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஒப்புகைச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். மனுவின் மேல் மூன்று மாதத்துக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது என் பணிக்கால அனுபவம். அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வேலையைச் செய்தார்கள் என்பதற்காக யாரையும் மாட்டிவிடக் கூடாது.

சீட்டை வாங்கிக்கொண்டு பாசிமணிக் கடைகளுக்குப் போனேன். நாய் அங்கேதான் இருந்தது. ஒரு கடைக்கார அம்மாளின் பலகைக்கு அடியில் படுத்திருந்தது. பிஸ்கட் போட்டேன், தின்றது. தண்ணீர் வைக்கச் சொன்னேன், குடித்தது. அது தண்ணீரை நக்கி நக்கிக் குடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நாயை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். முதல் நாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாம் நாள், "இன்னா நைனா, எம் மாப்ளைக்குப் பொண்ணு பாக்க வந்துகினுகீறியா?" என்று கேட்டார். பக்கத்துக் கடைகள் சிரித்தன. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, இது யாரையும் கடிக்காது என்று அடித்துச் சொன்னார். பிறகு, முட்டையைக் காட்டிவிட்டுக் கையை இழுத்தால் தெரியாமல் பல் பட்டிருக்கலாம் என்றும் அவரே சொன்னார்.

செவ்வாய், புதன், வியாழன். நாய் தின்றது, குடித்தது, வாலை ஆட்டியது. திருக்கழுக்குன்றம் தாண்டியதுமே பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். கடைகளுக்கு நடுவே அந்த வெள்ளை நுனி தெரிந்ததும்தான் நடையைக் குறைப்பேன். தினமும் வீட்டுக்கு வந்து, நாய் நலம் என்று மாடிக்குச் சொல்லுவேன். தாய் குனிந்து நன்றி சொல்லுவார். மூத்தவள் அவருக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்ப்பாள். புதன்கிழமை இளையவளுக்கு இரண்டாவது ஊசியும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள். பலகைக்கு அடியில் நாய் இல்லை. எந்தக் கடைக்கு அடியிலும் எந்த நாயும் இல்லை. அந்த அம்மாள் மணிகளைக் கோக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் வேன் வந்துச்சு நைனா. வலையப் போட்டு எல்லாத்தையும் இஸ்துகினு போய்ட்டானுங்கோ" என்றார். "எவனோ ரிட்டயரான கிழவன் எய்திப் போட்டுட்டானாம். அவன் கை வெளங்குமா, நீயே சொல்லு."

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த நிலையில் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வயதில் நான் ஓடியது அன்று மட்டும்தான். மேஜையில் இருந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "உங்க மனு மேலயே ஆக்‌ஷன் எடுத்தாச்சு சார்" என்றார். பார்வையாளர்கள் அதிகம் வரும் மாதம், வெளிநாட்டுக் குழந்தை என்று வேறு எழுதியிருந்தேன், நகல் ஐவருக்குப் போயிருந்தது. மேலிருந்து கேட்டிருக்கிறார்கள். பிடித்த நாய்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டிக்காரரிடம் ஒப்படைத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. வண்டிக்காரருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஊருக்கு வெளியே இரண்டு மூன்று இடத்தில் இறக்கிவிட்டதாகவும், எது எங்கே என்று நினைவில்லை என்றும் வண்டிக்காரர் சொன்னார். வால் நுனி வெள்ளை என்றேன். எல்லா நாய்க்கும் வால் இருக்கிறது என்றார்.

இளைஞர் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். மனுதாரரின் குறை தீர்க்கப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடவைத்திருக்கிறேன்.

டிரைவருக்கு அன்று ஓய்வு, பள்ளிக்கு வேறு டிரைவர். அவரை வரச்சொல்லி, அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, அணுபுரம் வரை ஒரு சாலை, திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு சாலை என்று இரண்டு மணி நேரம் தேடினோம். சவுக்குத் தோப்பு, உப்பங்கழி ஓரம், கோழிக்கடைக் குப்பை. நாய்களுக்குக் குறைவில்லை. ஓரிடத்தில் வெள்ளை நுனி வால் ஒன்று தெரிந்து இறங்கி ஓடினேன். காது இரண்டும் முழுசாக இருந்தது. டிரைவர் அன்று கேலி பேசவில்லை. அது ஒன்றே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. மூத்தவள் பள்ளியிலிருந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நாயி செத்துப்பூச்சா அங்கிள்?"

இல்லை, காணோம் என்றேன்.

அவள் மேலே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கைக்குட்டை, நாலாக மடித்தது. அதை என் கையில் வைத்தாள். பிரித்தேன். நடுவில் காய்ந்த பழுப்பில், மிளகு அளவுக்கு ஒரு பொட்டு, பக்கத்தில் இன்னொன்று.

"தங்கச்சிய நாயி கட்ச்சிச்சு. ரத்தம் வந்துச்சு. நான் தொட்ச்சிட்டேன்" என்றாள். "நீ அம்மாகிட்ட சொல்லாத."

மிருகங்களைத் தொடக் கூடாது என்று தாய் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். இளையவள் முட்டை கொடுத்தாள், மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக அந்தக் கைக்குட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு, தினமும் நான் கொண்டுவரும் செய்திக்காகக் காத்திருந்திருக்கிறாள். நாய் நலம் என்று நான் சொன்ன நாலு நாளும், நானும் அவளும் தனித்தனியாக மூச்சு விட்டிருக்கிறோம்.

சீரத்தை முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட வேண்டும்; அதற்குப் பிறகு போடுவதில்லை. வெள்ளி மாலை நாலு மணி. ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும்.

முதலில் போனைத்தான் எடுத்தேன். பழைய சகாக்கள், மருந்துக் கிடங்கில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓய்வு பெற்றதை ஒப்புக்கொள்ளாதவர்கள். இங்கே இருப்பில் இல்லை, அங்கே கேட்டுப் பாருங்கள். ஒன்பதாவது போனில், சென்னையில் ஒரு பெரிய மருந்துக்கடையில் இருப்பதாகவும், ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும் என்றும் தெரிந்தது. டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போனை வைப்பதற்குள் ஐஸ் வாங்கக் கிளம்பிவிட்டார்.

பிறகு மாடிக்குப் போனேன். என் மனைவி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வந்தாள்.

தாயிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பயத்தில் எனக்கு வந்த ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டே சொன்னேன். கவுண்டரில் நான் குழந்தையின் கையை விட்டேன். ரத்தம் வந்திருக்கிறது. நாயைக் காணோம். நாய் காணாமல் போனது என் மனுவால். வியாதியின் பெயரையும், அது வந்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றுதான் முழுதாகச் சொன்னேன். மூத்தவள் கதவோரம் நின்றிருந்தாள். தாய் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அலுவலக நகலைக் கொண்டுவந்து கொடுத்தேன். சிறு அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். உடனடி நடவடிக்கை என்ற இடத்தில் விரலை வைத்தார். இது நீங்கள் கேட்டதா என்றார். ஆமாம் என்றேன். நடந்துவிட்டதா என்றார். ஆமாம் என்றேன். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்குக் காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதன் பிறகுதான் மூத்தவளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண், மடியில் பாதிதான் அடங்கினாள்.

இரவே டிரைவர் சென்னை போய் ஐஸ் பெட்டியில் மருந்தைக் கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை டாக்டர் கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காயம் கிட்டத்தட்ட மூடிவிட்டது. எங்கே என்று பெரியவள்தான் காட்டினாள். தாய் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார். தந்தை தலையை. காலைப் பிடிக்க நர்ஸ் வந்தபோது டாக்டர் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, "சார், நீங்க புடிங்க" என்றார்.

பிடித்தேன். இரண்டு கையாலும். மருந்து தோலுக்கடியில் ஏற ஏற அந்தச் சின்னக் கணுக்கால் உப்பிக்கொண்டு வந்தது. குழந்தை கத்திய கத்தல் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவளுடைய இன்னொரு கால் என் மார்பில் மூன்று முறை உதைத்தது. தாராளமாக உதைக்கட்டும் என்று இருந்தது.

மீதி ஊசிகள் முறைப்படி நடந்தன. எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொன்னார். எனக்கு முடியவில்லை. சீரம் ஆறாம் நாள்தான் போட்டது. முதல் நாள் போட்டதற்கும் ஆறாம் நாள் போட்டதற்கும் வித்தியாசம் உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். போட்டாயிற்று அல்லவா என்றார். நான் எழுதிய பதில்களிலும் இந்த மாதிரி வரி நிறைய இருக்கும். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அந்த வியாதி ஒரு மாதத்தில் வரலாம், மூன்று மாதத்தில் வரலாம். அபூர்வமாக ஆண்டுகள் கழித்தும் வந்ததுண்டு என்று பழைய கையேடு ஒன்றில் இருந்தது. அந்தக் கையேட்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று என் மனைவி எடுத்து ஒளித்தாள். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

மாடியில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கீழே படுத்துக்கொண்டு கேட்பேன். மின்சாரம் போனால் உட்கார்ந்துவிடுவேன். குழந்தைக்கு ஒருமுறை ஜுரம் வந்தது. தொண்டை வலி என்று சாப்பிட மறுத்தாள். அன்று நான் மாடிப்படியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றதை என் மனைவி பார்த்தாள். சாதாரண ஜுரம், இரண்டு நாளில் போயிற்று. அவள் தெருவில் விளையாடும்போது தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்ப்பதே எனக்கு வேலை. யாருக்கும் தெரியாமல் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரம். இளையவளும் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தாய் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தவர், எனக்கு நேர் எதிரே நின்றார். இளையவளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மூன்று மடக்கு குடித்தாள். தாய் பாட்டிலை மூடினார், எனக்குத் தலையைக் குனிந்தார், கார் ஏற அழைத்துப்போனார்.

மறுநாளும் அப்படியே. ஒரு சொல் கிடையாது. அவர்கள் ஊர் திரும்பும்வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டு, பள்ளி நாளில் தவறாமல் அது நடந்தது. குழந்தைக்கு அது பழகிவிட்டது. படியிறங்கும்போதே மூடியைத் திருகிக்கொண்டு வருவாள். மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அதைப் பார்க்க வேண்டியிருந்திருக்கலாம். ஒரே காரியத்தை இரண்டு பேர் பார்த்தால் சான்று பலமாகும்.

அவர்கள் போன பிறகு, ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு ஒரு அட்டை வருகிறது. ஜப்பானில் குடும்பப் படத்தையே வாழ்த்து அட்டையாக அடித்து அனுப்புவார்களாம். தபாலில் ஊர் சுற்றி வந்துசேர ஜனவரி பாதியாகிவிடும். அந்தப் பதினைந்து நாளும் நான் கேட் சத்தத்துக்குக் காத்திருப்பேன். ஒரு ஆண்டு அட்டை பிப்ரவரி பிறந்தும் வரவில்லை. தபால் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் நான் மனு கொடுப்பதில்லை.

விசாரித்த நாலாம் நாள் அட்டை வந்தது. தபால்காரரிடமிருந்து என் மனைவிதான் வாங்கினாள். நான் உள்ளே நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் தேடுவதுபோல உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலிலேயே நின்று உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் இருக்காங்க" என்றாள். "சின்னவ முடி வளத்திருக்கா."